பழைய கல்லறைகளைச் சீரமைக்கப் பதிவுச் சான்றிதழ் மட்டும் போதுமா? தொண்டு அமைப்புகளிடம் சட்டம் கேட்பது என்ன?

பழவங்காடி (திருவனந்தபுரம்): கிழக்கே கோட்டையை ஒட்டியுள்ள பழவங்காடியில் தேங்காய் உடைபடும் ஒலி ஓய்வதில்லை. இங்குள்ள கணபதி கோயிலை இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பராமரித்து வருகிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-ஆம் ஆண்டு பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, படைவீரர்கள் வழிபட்டு வந்த கணபதியும் அவர்களுடன் வந்ததாக மரபுவழிச் செய்தி கூறுகிறது. ஒரு படை வணங்கிய தெய்வத்துக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பொறுப்பாளர் இருக்கிறார். ஆனால், அந்தக் காலத்து மனிதர்களின் கல்லறைகள் அனைத்துக்கும் அப்படி ஒரு பொறுப்பாளர் வாய்ப்பதில்லை.

திருவிதாங்கூர் படையை நவீன முறையில் பயிற்றுவித்த டி லனாய், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே உள்ள உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டவர். டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் பணியில் இருந்த அவர், 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்டு, பின்னர் அதே படையின் 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777-இல் மறைந்த அவரது கல்லறையில் லத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் கல்வெட்டு உள்ளது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள அஞ்சுதெங்கு கோட்டைக்குள் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிக் காலத்துக் கல்லறைகள் உள்ளன. அவற்றில் மிகப் பழமையானது 1704-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இத்தகைய இடங்களைக் காணும் பலருக்கும் புதரை வெட்டி, சாய்ந்த கல்லை நிமிர்த்தி, எழுத்தைத் துலக்கி வைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதற்காக நண்பர்கள் கூடி ஒரு சங்கத்தைப் பதிவு செய்வதும் உண்டு. ஆனால் பதிவுச் சான்றிதழ் ஓர் அமைப்புக்குச் சட்டப்படியான பெயரைத் தருமே தவிர, எந்தக் கல்லறையையும் தொடும் உரிமையைத் தராது. அந்த உரிமையைத் தனியாகப் பெற வேண்டும். அதற்கான நடைமுறைகளை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

ஒரு கல்லறை, மூன்று பட்டியல்கள்

வரலாற்றுச் சிறப்புள்ள கல்லறைத் தோட்டங்களைத் தொண்டு அமைப்புகள் பராமரிப்பதற்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இந்தப் பொருள் மூன்று பட்டியல்களிலும் பிரிந்து கிடப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

இடுகாடுகளும் சுடுகாடுகளும் மாநிலப் பட்டியலின் 10-ஆவது இனத்தில் வருகின்றன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட பழங்காலச் சின்னங்கள் மத்தியப் பட்டியலின் 67-ஆவது இனத்திலும், பிற சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆவது இனத்திலும் உள்ளன. அறக்கட்டளைகளும் அறநிறுவனங்களும் பொதுப் பட்டியலின் 28-ஆவது இனம். ஆகவே ஒரே கல்லறை நிலம் என்ற முறையில் ஒரு சட்டத்துக்கும், சின்னம் என்ற முறையில் இன்னொரு சட்டத்துக்கும், அதைப் பராமரிக்கும் அமைப்பு மூன்றாவது சட்டத்துக்கும் உட்படுகிறது.

திருவிதாங்கூர் வரலாறு இதை மேலும் சிக்கலாக்குகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அஞ்சுதெங்கு கேரளத்திலும், உதயகிரி அன்றைய சென்னை மாநிலத்திலும் இடம்பெற்றன. ஒரே அரசின் வரலாற்றைச் சொல்லும் இரண்டு கல்லறை இடங்களுக்கு இன்று இரண்டு மாநிலச் சட்டங்கள் பொருந்துகின்றன.

அமைப்பைப் பதிவு செய்வது எப்படி?

லாப நோக்கற்ற அமைப்பு மூன்று வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவது, சங்கம். திருவனந்தபுரம் உள்ளிட்ட பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். மலபார் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் உள்ளன. குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. சங்கத்தின் நோக்கங்களைக் கூறும் அமைப்பு விதிகளும், நடைமுறை விதிகளும் பதிவாளரிடம் அளிக்கப்பட வேண்டும். நிர்வாகிகள் பட்டியலை ஆண்டுதோறும் தாக்கல் செய்வது கட்டாயம்.

இரண்டாவது, பொது அறக்கட்டளை. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது நலனுக்கான அறக்கட்டளை, அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதன் மூலம் உருவாகிறது. நிர்வாகத்தில் முறைகேடு நடந்தால், அக்கறை உள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின் கீழ் நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடரலாம்.

மூன்றாவது, 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் அமையும் நிறுவனம். இதில் கணக்குத் தணிக்கையும் ஆண்டறிக்கைத் தாக்கலும் கண்டிப்பானவை. பெரிய நிதியைக் கையாள விரும்பும் அமைப்புகளுக்கு இது ஏற்றது.

எந்த வடிவமாக இருந்தாலும், நோக்கங்களை விவரிக்கும் பத்தியில் 'வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களையும் சின்னங்களையும் பாதுகாத்தல்' என்ற பொருள் தெளிவாக இடம்பெற வேண்டும். பின்னர் வரிச் சலுகை கோரும்போது இந்த ஒரு வரியே முக்கியமாகிறது.

நிலம் யாருடையது?

அடுத்து எழும் கேள்வி உரிமை பற்றியது. கல்லறையில் யாருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து நில உரிமை முடிவாவதில்லை. வருவாய்த் துறை ஆவணங்களில் அந்த நிலம் யார் பெயரில் உள்ளது என்பதே முதலில் பார்க்கப்பட வேண்டியது.

திருச்சபைக்குச் சொந்தமான இடமாக இருந்தால், அந்தச் சபையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ஃபோர்ட் கொச்சியில் 1724-ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. பள்ளிவாசல் சார்ந்த கபர்ஸ்தான் வக்ஃப் சொத்தாக இருந்தால், 2025-இல் திருத்தப்பட்ட 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் பொருந்தும். நிர்வகிக்கும் முத்தவல்லியையும் வக்ஃப் வாரியத்தையும் தவிர்த்துவிட்டு எந்த அமைப்பும் பணியைத் தொடங்க முடியாது. அரசுப் புறம்போக்கு எனில் வருவாய்த் துறையும், பொது இடுகாடு எனில் ஊராட்சி அல்லது மாநகராட்சியும் அனுமதி அளிக்க வேண்டும். உதயகிரிக் கோட்டை போன்ற இடங்களில் வனத்துறையும் தொடர்புடையதாகிறது. கோட்டை வளாகம் பல்லுயிர்ப் பூங்காவாகவும் விளங்குவதே காரணம்.

கேரளத்தில் இடுகாடுகளைப் பதிவு செய்வதையும், புதியவற்றுக்கு உரிமம் வழங்குவதையும் 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டமும், 1998-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் (இடுகாடு, சுடுகாடு) விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. பயன்பாட்டில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் உரிமை குறித்த சர்ச்சை எவ்வளவு தீவிரமாகலாம் என்பதற்கு, மலங்கரை ஆர்த்தடாக்ஸ்–யாக்கோபாயத் திருச்சபைப் பிரிவினரிடையே எழுந்த பிணக்கைத் தொடர்ந்து 2020-இல் கேரள அரசு தனிச் சட்டமே இயற்றியது சான்று. குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் உரிமையை அச்சட்டம் உறுதி செய்கிறது.

அனுமதி என்பது வாய்மொழியாக இருந்தால் போதாது. எந்தப் பகுதியில் பணி, எத்தனை ஆண்டுகள், செலவு யாருடையது, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பின் பராமரிப்பு யாரிடம் செல்லும் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

மாளா கற்பிக்கும் பாடம்

எழுத்தில் இருந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. திருச்சூர் மாவட்டம் மாளாவில் வாழ்ந்த யூதர்கள் 1950-களின் நடுப்பகுதியில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, தங்கள் ஜெப ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் உள்ளூர் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தனர். பிற்காலத்தில் அந்தக் கல்லறை நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டரங்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டது பெரும் சர்ச்சையானது. பழைய ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் உள்ளூர் மரபுப் பாதுகாப்பு ஆர்வலர்களே.

உறவினர்கள் எவரும் ஊரில் இல்லாத கல்லறைகளுக்குத் தொண்டு அமைப்பின் தேவை எத்தகையது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அத்தகைய இடத்தில் ஆவணமே வாரிசு. அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஒருவராவது இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் என்ன செய்யலாம்?

1958-ஆம் ஆண்டின் பழங்காலச் சின்னங்கள், தொல்லியல் தலங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம், 'பழங்காலச் சின்னம்' என்ற சொல்லுக்கான வரையறையிலேயே அடக்க இடத்தையும் சேர்த்துள்ளது. குறைந்தது 100 ஆண்டுகள் பழமையும், வரலாற்று, தொல்லியல் அல்லது கலைச் சிறப்பும் இருக்க வேண்டும். ஆனால் 100 ஆண்டுகள் கடந்த எல்லாக் கல்லறையும் தானாகவே பாதுகாப்புப் பெறுவதில்லை. அரசு முறைப்படி அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே பாதுகாப்பு நடைமுறைக்கு வரும். மாநில அளவில் இதே பணியைக் கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் செய்கின்றன.

அஞ்சுதெங்கு கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய இடத்தில் பராமரிப்புப் பணி துறையின் கையில்தான் இருக்கும். பாதுகாக்கப்பட்ட எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சின்னத்தைச் சேதப்படுத்துவது, மாற்றுவது, அகற்றுவது ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்துடன் சுவரில் சிமெண்ட் பூசுவதும் சின்னத்தை 'மாற்றும்' செயலாகக் கருதப்பட வாய்ப்புண்டு.

அப்படியானால் தொண்டு அமைப்புகளுக்கு இடமே இல்லையா? உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பராமரிப்புச் செலவுக்குத் தன்னார்வ நன்கொடைகளைப் பெறுவதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்துள்ளது. 1996-இல் அமைக்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம் மூலமும் குறிப்பிட்ட சின்னத்துக்கு நிதி அளிக்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'மரபைத் தத்தெடுப்போம் 2.0' திட்டத்தின் கீழ், பார்வையாளர் வசதிகள், தூய்மை, தகவல் பலகை போன்றவற்றுக்கு நிறுவனங்கள் பொறுப்பேற்கலாம்.

பாதுகாப்பு அறிவிக்கையும் என்றென்றைக்கும் அசைக்க முடியாதது அல்ல. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஜோசப் ஹைன்மர், எலிஹு யேலின் மகன் டேவிட் யேல் ஆகியோரின் கல்லறை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். அதை வேறு இடத்துக்கு மாற்றுமாறு 2023 ஜூன் மாதம் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்கும் உள்ளானது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

அனுமதி கிடைத்த பிறகும் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன் சில விதிகளை அறிந்திருப்பது அவசியம்.

* 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவு, அடக்க இடங்களில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. பிறர் உணர்வைப் புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. புண்படக்கூடும் என்று அறிந்தே செய்தாலும் பிரிவு பொருந்தும். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

* தோண்டும்போது நாணயம், அணிகலன் போன்ற பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும், கேரளத்தில் 1968-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் இதற்கானவை.

* உடைந்து கிடக்கும் கல்வெட்டைப் பாதுகாப்பதாக எண்ணி வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துச் செல்லக் கூடாது. 100 ஆண்டுகள் கடந்த கல்வெட்டும் சிற்பமும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன.

* பணி தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லையும் புகைப்படம் எடுத்து, எழுத்துகளைப் படியெடுத்து, வரைபடத்தில் குறிப்பது முதல் கடமை. பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தின் மீது சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல் சிதையும். எனவே மூலப்பொருளுக்கு ஒத்த பொருளையே பயன்படுத்த வேண்டும்.

வரிச் சலுகை: ஒரு சொல்லில் அடங்கிய வேறுபாடு

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 'அறநோக்கம்' என்ற சொல்லுக்கான வரையறையில், கலை அல்லது வரலாற்றுச் சிறப்புள்ள சின்னங்கள், இடங்கள், பொருள்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பது தனி இனமாகச் சேர்க்கப்பட்டது. 'பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள்' என்ற பொதுவான இனத்தின் கீழ் வரும் அமைப்புகளுக்கு, வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்பு தனி இனத்தில் வருவதால் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

மறுபுறம், குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்கோ சாதியினருக்கோ மட்டும் பயன் அளிக்கும் அற அமைப்புக்கு வரிவிலக்கு மறுக்கப்படலாம். '80ஜி' அனுமதி பெற்ற அமைப்பு மதம் சார்ந்த செலவை மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். 'எங்கள் சபையாரின் கல்லறைகளைப் பராமரித்தல்' என்று எழுதுவதற்கும், 'வரலாற்றுச் சிறப்புள்ள கல்லறைகளைப் பாதுகாத்தல்' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

'12ஏபி' பிரிவின் கீழ் புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கான பதிவும் அளிக்கப்படும். ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்கு 2025-இல் இக்காலம் 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் பெறும் நன்கொடைக்கு நன்கொடையாளர் வரிக்கழிவு கோர முடியாது. இச்சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், இத்தகைய அமைப்புகளுக்கான விதிகளை ஒரே இடத்தில் தொகுத்துள்ளது.

வெளிநாட்டில் இருந்து பணம் வந்தால்?

பழைய ஐரோப்பியக் கல்லறைகளைப் பொறுத்தவரை உதவ விரும்புவோரில் பலர் வெளிநாட்டினர். தம் முன்னோரின் கல்லறைக்கு லண்டனில் இருந்தோ ஆம்ஸ்டர்டாமில் இருந்தோ ஒருவர் அனுப்பும் சிறு தொகையும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டத்துக்கு உட்பட்டதே.

இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாயைத் தன் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கப்படும் கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்ற தொகையை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. எனவே பெரிய அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்று உள்ளூர்ச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்று ஆண்டுகள் நிறைவடையாத அமைப்பு, குறிப்பிட்ட நன்கொடையாளரிடம் இருந்து குறிப்பிட்ட தொகையைப் பெற மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியைக் கோரலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அதே தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடும். புலம்பெயர் தமிழர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

உள்நாட்டில், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஒரு வாய்ப்பு. நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களையும் இடங்களையும் மீட்டெடுப்பதை இந்நிதிக்கு உரிய பணியாக ஏற்கிறது. இதைப் பெற வரிச் சட்டப் பதிவுகளும், மூன்று ஆண்டுப் பணி அனுபவமும், 'சிஎஸ்ஆர்–1' படிவத்தின் வழியான பதிவும் தேவை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

1917-இல் உருவான காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம், அரசுகளின் தொடர் நிதியுடன் இயங்குகிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த 856 பேரின் கல்லறைகள் இன்றும் ஒழுங்காக இருப்பதற்கு அந்தத் தொடர்ச்சியே காரணம். 1976-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் வேறு வழியில் செயல்படுகிறது. நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல், உள்ளூர்ப் பொறுப்பாளர்களுக்கு நிதியும் ஆவண உதவியும் அளிக்கிறது. 1767-இல் திறக்கப்பட்ட, வில்லியம் ஜோன்ஸ், டெரோசியோ ஆகியோர் அடக்கம் செய்யப்பட்டுள்ள கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தை மீட்டெடுக்கும் முயற்சியிலும் அச்சங்கத்துக்குப் பங்கு உண்டு.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கல்லறைத் தோட்டங்கள் நிரந்தரப் பராமரிப்பு நிதி ஒன்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே வலியுறுத்துகிறது. இந்தியத் தொண்டு அமைப்புகள் பொதுவாகச் சந்திக்கும் சிக்கல் இதுவே. சீரமைப்புக்கு ஒருமுறை நிதி திரட்டுவது எளிது. ஆண்டுதோறும் மழைக்குப் பின் புதர் வெட்டுவதற்கு நிதி கிடைப்பது அரிது. அறக்கட்டளைப் பத்திரத்திலேயே மூலதன நிதிக்கு வழி செய்து, அதன் வட்டியில் பராமரிப்பு நடக்கும்படி அமைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

தொடங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த நிலம் வருவாய் ஆவணத்தில் யார் பெயரில் உள்ளது?

2. மத்திய அல்லது மாநிலத் தொல்லியல் துறையின் அறிவிக்கைக்கு உட்பட்டதா?

3. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் உள்ளதா?

4. வரும் பணம் உள்நாட்டினுடையதா, வெளிநாட்டினுடையதா?

5. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முதல் நான்கு கேள்விகளுக்குச் சட்டம் விடை சொல்கிறது. ஐந்தாவது கேள்விக்கான விடையை அமைப்பே தேட வேண்டும். பழவங்காடி கணபதிக்கு ஒரு ரெஜிமெண்ட் இருக்கிறது. அந்த வாய்ப்பு இல்லாத கல்லறைகளுக்கு, முறையாகப் பதிவு பெற்று, அனுமதியுடன் நுழைந்து, கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் சிறிய உள்ளூர்ச் சங்கமே துணையாக முடியும்.